கேபினெட்டுக்குள் காற்றின் பாதை

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தின் வாசலைத் தொட்டுச் செல்லும் செங்கம் சாலை, ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையின் ஒரு பகுதியாகவும் இருப்பதால், பௌர்ணமிதோறும் நடப்பவர்களின் கால்கள் கிளப்பும் புழுதியும் கற்பூரப் புகையும் பலகாரக் கடைகளின் எண்ணெய்ப் பிசுக்கும் சாலையோரக் கட்டடங்களுக்குள் தாராளமாகப் புகுந்துவிடுகின்றன. அங்குள்ள ஜெராக்ஸ் கடை, டி.டி.பி. மையம், கல்யாண வீடியோ தொகுக்கும் ஸ்டூடியோ ஆகியவற்றின் மேசைக் கணினிகள் இழுப்பதும் இதே காற்றைத்தான் என்பதால், கேபினெட் எனத் தொழிலாளர் வழங்கும் கணினிப் பெட்டிக்குள் விசிறிகளைத் தேர்ந்து பொருத்துபவர், வெப்பத்தோடு தூசியையும் சேர்த்தே கணக்கிட வேண்டியிருக்கிறது.

விசிறி குளிரை உண்டாக்குவதில்லை. சூடேறிய காற்றை வெளியேற்றி, அந்த இடத்துக்கு அறைக் காற்றைக் கொண்டுவருகிறது. 300 வாட் வெப்பம் வெளிவிடும் கணினியின் ஊடே நிமிடத்துக்கு 50 கன அடி காற்று சென்றால், அது சுமார் 10 டிகிரி செல்சியஸ் கூடுதல் சூட்டுடன் வெளியேறும். காற்றின் அளவை இரட்டித்தால் அந்த 10 பாதியாகி 5 ஆகும். மே மாதத்து அறையின் 38 டிகிரியோ அப்படியே நிற்கும். விசிறிகளை அடுக்கிக்கொண்டே போவதால் கிடைக்கும் பயன் இவ்வாறு விரைவில் தேய்ந்துவிடுகிறது.

இப்பகுதியில் வானொலி, தொலைக்காட்சிப் பழுது பார்ப்பதிலிருந்து கணினிக்கு வந்த ஒரு தொழிலாளியின் முறை கவனிக்கத்தக்கது. திறந்த பெட்டியை முதலில் வாசலுக்கு எடுத்துச் சென்று ப்ளோயரால் தூசியை ஊதும்போது, ஒவ்வொரு விசிறியின் இறக்கையையும் ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்கிறார். பிடிக்காவிட்டால் ஊதும் வேகத்தில் விசிறி கட்டுமீறிச் சுழன்று பேரிங் கெடும். பிறகு பெட்டியை மூடி இயக்கி, முன்புற வலைக்கருகே ஓர் ஊதுபத்தியைப் பிடிக்கிறார். புகை உள்ளே இழுபடாமல் அவர் முகத்தை நோக்கியே திரும்பினால், முன் விசிறி தலைகீழாகப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று பொருள். மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கம்பிகள் உள்ள பக்கமே பொதுவாகக் காற்று வெளியேறும் பக்கம். மலிவு விசிறிகளில் திசை காட்டும் அம்புக்குறி இல்லாதபோதும் இதைக் கொண்டு கண்டுகொள்ளலாம்.

அவர் விரும்பும் அமைப்பு முன்னால் 120 மில்லிமீட்டர் விசிறிகள் இரண்டு உள்ளிழுக்க, பின்னால் ஒன்று வெளித்தள்ளுவது. வருவது மிகுந்து போவது குறையும்போது பெட்டிக்குள் காற்றழுத்தம் சிறிது உயர்ந்து, இடுக்குகள் வழியே காற்று வெளியேறுமே தவிரத் தூசி நுழையாது. நுழையும் ஒரே வழியான முன்புற வடிகட்டியைக் கழற்றிக் கழுவிவிடலாம். வெளித்தள்ளுவது மிகுந்தால் ஒவ்வோர் ஓட்டையும் தூசியை உறிஞ்சும். வடிகட்டியையும் நெருக்கமான ஹீட் சிங்க் தகடுகளையும் ஊடுருவ வேண்டிய இடத்தில், திறந்தவெளியில் அதிகக் காற்று வீசும் விசிறியைவிடத் தடையை எதிர்த்துத் தள்ளும் அழுத்தம் மிக்க விசிறியே பயன்படும். 

சென்னை ரிச்சி தெரு போன்ற மொத்தச் சந்தைகளில் விலைபோவதோ வண்ண விளக்கு விசிறிகளும் முன்புறம் கண்ணாடியால் அடைத்த கேபினெட்டுகளும். காற்று நுழைய வேண்டிய முகத்தையே மூடிவிட்டு உள்ளே நான்கு விசிறிகளைச் சுழலவிடும் இப்பெட்டிகளால், விற்றவருக்கும் இடைத்தரகருக்கும் லாபம் முன்னதாகவே கிடைத்துவிடுகிறது. சூட்டில் கணினி திணறும்போது பதில் சொல்பவர் செங்கம் சாலைக்காரர். விசிறியின் விலையை முணுமுணுக்காமல் கொடுக்கும் வாடிக்கையாளர், திசையைத் திருப்பி வைத்ததற்குக் கூலி கேட்டால், நாலு ஸ்க்ரூ கழற்றி மாட்டியதற்கா என்கிறார். எனவே தேவையற்ற விசிறி ஒன்றையும் விற்று, கூலியை அதன் விலையில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் இத்தொழிலில் நுழைந்திருக்கிறது.