ஆட்டு ரத்தத்தில் இரண்டு பட்டைகள்

உயிர்வேதியியல் ஆய்வக மேசைமேல் மூன்று சோதனைக் குழாய்கள். மூன்றிலும் கறிக்கடையில் வாங்கி, உறையாதிருக்க சிட்ரேட் கலந்த ஆட்டு ரத்தம். அணுக்களை உடைத்து, வெளிர்சிவப்பாகும்வரை தண்ணீர் சேர்த்திருந்தார்கள்.

"முதல்ல மெஷின் வேணாம் சார், கண்ணாலயே பாருங்க" என்று ஆய்வு மாணவி ஒரு சிறிய கைநிறமாலைமானியை நீட்டினார்.

முதல் குழாயை விளக்குக்கு நேரே பிடித்தேன். நிறங்கள் வரிசையாக விரிந்தன. மஞ்சளில் ஒல்லியாக ஒரு கறுப்புப் பட்டை, பச்சையில் சற்று அகலமாக இன்னொன்று. ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீம், தன் இரும்பு ஆக்ஸிஜனைப் பற்றியிருக்கும்போது விழுங்கும் ஒளி அது. ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் அவையே 577, 541 நானோமீட்டரில் இரு முகடுகளாக எழுந்தன. 415-க்கு அருகே உள்ள பெரிய முகடு திரைக்குள் அடங்கவில்லை. அதற்காக ரத்தத்தை இன்னும் பல மடங்கு நீர்க்கச் செய்ய வேண்டியிருந்தது.

இரண்டாம் குழாயில் டைதயோனைட் தூளை ஒரு சிட்டிகை போட்டார். கந்தக நெடி அடித்தது. சிவப்பு ஊதாவாக மங்கியது. ஆக்ஸிஜன் பறிபோனதும் இரு பட்டைகளும் மறைந்து, 555-ஐ ஒட்டி அகலமான ஒற்றைப் பட்டை நின்றது. இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் 1864-இல் இரும்பு உப்பைக் கொண்டு இதைச் செய்துகாட்டினார். அவர் அதைக் காற்றோடு குலுக்கியதும் இரு பட்டைகளும் திரும்பின. ரத்தம் மூச்சு வாங்குவதை மனிதர் கண்ணால் கண்டது அப்போதுதான் என்பேன்.

மூன்றாவது, கார்பன் மோனாக்சைடு ஏற்றிய குழாய். அதிலும் இரு பட்டைகள், சற்றே இடம் மாறி. அதே தூளைப் போட்டார். காத்திருந்தோம். பட்டைகள் அசையவே இல்லை. ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக அந்த வாயு இரும்பைப் பற்றிக்கொள்கிறது.

"அப்ப விரல்ல மாட்டுற ஆக்ஸிமீட்டர் இதைக் கண்டுபிடிக்குமாம்மா?"

"கண்டுபிடிக்காது சார். அது 660, 940-ன்னு ரெண்டே இடத்துலதான் பார்க்குது. 660-ல இந்த ரத்தமும் ஆக்ஸிஜன் ஏறின ரத்தம் மாதிரிதான் தெரியும்."

இது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய சங்கதி. மூடிய அறையில் ஜெனரேட்டர் ஓடி மயங்கியவரின் விரலில் 98 காட்டினாலும் அதை நம்பி உட்காரக் கூடாது. உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, ஆக்ஸிஜன் கொடுக்கும் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். பல அலைநீளங்களில் ரத்தத்தைப் பார்க்கும் கோ-ஆக்ஸிமீட்டர்தான் அங்கே உண்மையான அளவைச் சொல்லும்.