மிளகு, அக்காவுடைய நாய்



போன வாரம் நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, "டீச்சர் வீட்டுக்குள்ள நாயா!" என்று பாதிப் பேர் போன் செய்துவிட்டீர்கள். வகுப்பு வாசலில் நாய் எட்டிப் பார்த்தாலே ஸ்கேலைத் தூக்கிக்கொண்டு வந்தவள் நான். உங்கள் ஆச்சரியம் நியாயம்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளாது, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

காரணம் அக்கா. ஆறு வருடமாகக் காது மங்கிக்கொண்டே வந்து, இப்போது இரண்டு காதிலும் 70 டெசிபலுக்கு மேல் இழப்பு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அந்த அளவைக் காது கேளாமை என்றே கணக்கில் எடுக்கிறது. மெஷின் வைத்தால் சத்தம் வருகிறது, சொல் புரியவில்லை என்று அதைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டார்.

டவுனாக இருந்தால் ஒரு மாதிரி சமாளிக்கலாம். நம் பாச்சலூரில் காதுதான் முதல் வேலி. யானை இறங்கினால் பக்கத்துத் தோட்டத்தில் தகரம் தட்டுவார்கள், வெடி போடுவார்கள். அதைக் கேட்டுத்தான் நாம் கதவைச் சாத்துகிறோம். காப்பிச் செடிக்குள் காட்டுமாடு நின்றால் அது மூச்சுவிடும் சத்தம்தான் முதலில் வரும். அக்காவுக்கு இது எதுவும் கிடையாது. நான் பேங்குக்கோ ஆஸ்பத்திரிக்கோ ஒட்டன்சத்திரம் இறங்கினால், பஸ் திரும்பி வரும்வரை எனக்கு வயிற்றில் புளிதான். "அக்காவைக் கீழே கூட்டிட்டு வந்துடு" என்று மாமா முதல் சின்னவன் வரை எல்லாரும் சொன்னீர்கள். அக்கா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "மாட்டேன்."

அப்போதுதான் லண்டனில் இருக்கும் பழைய மாணவன் ஒருவன் இந்த விஷயத்தைச் சொன்னான். பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டும் நாய்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். முதல் உலகப்போரில் கண் இழந்த வீரர்களுக்காக ஜெர்மனியில் ஓல்டன்பர்க் என்ற ஊரில் 1916-இல் அதற்குப் பள்ளியே தொடங்கினார்கள். காது கேளாதவர்களுக்கும் நாய் உண்டு என்பது எனக்குப் புதுசு. இங்கிலாந்தில் 1982 முதல் இதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறதாம். கதவு மணி, அடுப்பில் வைத்த டைமர், குழந்தை அழுகை என்று எது கேட்டாலும் அந்த நாய் குரைக்காது. வந்து மூக்கால் இடித்தோ காலால் தொட்டோ சொல்லும், பிறகு சத்தம் வந்த இடத்துக்குக் கூட்டிப் போகும்.

குரைக்காது என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. யானையைப் பார்த்துக் குரைக்கும் நாய் அடி வாங்காமல் திரும்பி எசமானிடமே ஓடி வரும், யானையும் பின்னாலேயே வரும். மலையில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒருவர் வெள்ளை ராஜபாளையம் குட்டி தருகிறேன் என்றார். நல்ல மனசு. ஆனால் மூக்கு சிவந்த வெள்ளை ராஜபாளையத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் உண்டு. எங்கள் வீட்டுக்கு ஒருவர் போதும்! கடைசியில் டீக்கடைக்குப் பின்னால் போட்டிருந்த ஐந்து நாட்டுக் குட்டிகளில் ஒன்றைத்தான் எடுத்தோம். குட்டிகளுக்குப் பின்னால் ஓர் எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டுப் பார்த்தேன். ஒன்று விறகுக்கடியில் புகுந்து வரவே இல்லை. ஒன்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இந்தக் கறுப்புக் குட்டி மட்டும் துள்ளி விழுந்து, பிறகு தானே திரும்பி வந்து தட்டை மோந்தது. பயப்படலாம், பயத்திலேயே உட்கார்ந்துவிடக் கூடாது. எட்டு வாரம் தாயோடு விட்டு, ஐப்பசி மழையில் ஒரு கூடையில் தூக்கி வந்தேன். பெயர் மிளகு.

அக்கா அதைப் பார்த்துவிட்டு, "என்னைக் காவல் காக்க ஆள் வச்சிருக்கியா?" என்று கேட்டார். மூன்று நாள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. நான் வற்புறுத்தவில்லை.

கொட்டகையில் கட்டலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை, சிறுத்தை வாசலில் இருக்கும் நாயைத்தான் முதலில் தூக்கும். சாமி அறைக்கு ஒரு பலகைத் தடுப்பு வைத்துவிட்டு, அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் சாக்கு விரித்தேன். முதல் இரவே அழுகை. தாயை விட்டு வந்த குட்டி வேறு என்ன செய்யும்? நான் எழுந்து போய்த் தூக்கியிருந்தால் அது என்னுடைய நாயாகியிருக்கும். அக்காவுக்கோ கேட்காது. பக்கத்து அறையில் போர்வையைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். அம்மா, பாட்டி ஆனவர்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். இரண்டாம் இரவும் அப்படியே. மூன்றாம் இரவு பாதியில் சத்தம் நின்றுவிட்டது. பதறிப்போய் எட்டிப் பார்த்தால், கட்டிலுக்கு வெளியே தொங்கிய அக்காவின் விரல்களைக் குட்டி நக்கிக்கொண்டிருக்கிறது. அக்கா கண்ணைத் திறக்காமலே அதன் தலையில் கை வைத்திருந்தார்.

அன்றிலிருந்து அது அக்காவிடம் அழுவதில்லை. பசித்தால் முழங்காலை மூக்கால் இடிக்கும். வெளியே போக வேண்டுமென்றால் சேலையைக் காலால் சுரண்டும். என்னிடம் மட்டும் இன்னும் முனகல்தான். எந்த ஆளிடம் எது செல்லும் என்று இரண்டே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டது. முப்பது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தியிருக்கிறேன், இவ்வளவு சீக்கிரம் வாத்தியாரை அளந்த பிள்ளை குறைவு.

அதற்குப் பிறகு என் வேலை ஒதுங்கி நிற்பதுதான். சோறும் அவித்த முட்டையும் அக்கா கையால் மட்டும். வெங்காயம் போட்ட குழம்பு கிடையாது, நாய்க்கு ஆகாது. காப்பிக் கொட்டையும் விஷம், அதனால் களத்தில் பழம் காயும்போது கயிறு போட்டுத்தான் கூட்டிப் போகிறார். ஊசி போட மட்டும் நான் பிடித்துக்கொள்கிறேன், கெட்ட பெயர் எனக்கு வரட்டும் என்று. அக்கா பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, தொடையில் இரண்டு தட்டு. எங்கிருந்தாலும் ஓடி வந்து முகத்தைப் பார்க்கும். நாயும் மனிதரும் ஒருவரை ஒருவர் கண்ணோடு கண் பார்க்கும்போது, தாய்க்கும் சேய்க்கும் சுரக்கிற ஆக்சிடோசின் இருவருக்குமே கூடுகிறது என்று 2015-இல் ஜப்பான் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அக்காவிடம் சொன்னால் சிரிப்பார். ஆனால் சாயங்காலம் இரண்டும் திண்ணையில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நான் பார்க்கிறேன்.

பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் தொடங்கவில்லை. உள்ளங்கையை மூக்கால் தொட்டால் ஒரு துண்டு கறி. அவ்வளவுதான் இப்போதைக்கு. அடுத்து, நான் குக்கரை விசிலடிக்க விட, அது அக்காவைத் தொட வேண்டும். அதற்கு வயது வர வேண்டும். நாலு மாதக் குட்டி இது. இங்கிலாந்திலேயே ஒன்றரை வயது தாண்டித்தான் வேலைக்கு அனுப்புகிறார்கள், எல்லா நாயும் தேறுவதும் இல்லை. மிளகு தேறுமா? காதும் ஆர்வமும் இருக்கிறது. பறக்கும் கோழியைப் பார்த்தால் மட்டும் எல்லாம் மறந்துவிடுகிறது. தேறாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று ஒருநாள் சிலேட்டில் எழுதிக் காட்டினேன். அக்கா அதை வாங்கி முந்தானையால் அழித்துவிட்டுக் குட்டியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஆகவே மாமா, அக்கா கீழே வரப்போவதில்லை. நான் ஊருக்குப் போகும் நாட்களில் பக்கத்து வீட்டுப் பெண் வந்து இருப்பாள், மிளகு வளரும்வரை அதுதான் ஏற்பாடு.

பொங்கலுக்கு வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாசலில் மிளகு ஓடி வந்தால் கொஞ்சாதீர்கள், கூப்பிடாதீர்கள். மரம் மாதிரி நில்லுங்கள். முதலில் அக்காவிடம் போய்ப் பேசுங்கள், எதிரே நின்று, மெதுவாக, வாய் தெரியும்படி. அவர் கையசைத்த பிறகு நாயைத் தொடலாம். பிஸ்கட் பாக்கெட் வேண்டவே வேண்டாம். பழனி வழியாக வருகிறவர்கள் அக்காவுக்குப் பஞ்சாமிர்தம் வாங்கி வாருங்கள். அதை மிளகுக்குக் கொடுக்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.