அணைக்கரை

பாலு மகேந்திராவின் 'மூன்றாம் பிறை'யில் (1982) நினைவு திரும்பியவளுக்கு, தன்னைப் பேணியவன் யாரோ ஒருவனாகிவிடுகிறான். காளிதாசனின் துஷ்யந்தனுக்கு மோதிரம் கிடைத்ததும் சகுந்தலை ஞாபகத்துக்கு வருகிறாள். இரண்டிலும் மறந்தவர் தேடுவதில்லை. தேடுவதும் தவிப்பதும் மறக்காதவர் பாடு.

அப்பா விஷயம் வேறு. மறதி முற்றியபின் கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் பஸ் ஏறிவிடுவார். கோமுகி அணைக்கரையில் கல்வராயன் மலையைப் பார்த்தபடி நிற்பார். "இங்கதான் நிக்கச் சொன்னா." பெயர் கேட்டால் தெரியாது. ஆள் போய்விட்ட பின்னும் காத்திருப்பது மட்டும் எப்படியோ தங்கிவிட்டிருந்தது.

அம்மாதான் போய் அழைத்து வருவாள். ஒருநாள் அவளிடமே கேட்டார்: "நீங்க அவளப் பாத்தீங்களா?"

"வருவா, உக்காருங்க."

அது அம்மாவா, வேறொருத்தியா? நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.