பத்துக் கிலோ

பெட்டியில் ‘அதிகபட்ச ட்ராக் 10 கிலோ’ என்று போட்டிருந்தது. அதை நம்பித்தான் பெய்ட்காஸ்டர் வாங்கினேன். பழைய ஸ்பின்னிங் ரீலில் 6 தான்.

முட்டுக்காட்டில் கொடுவா மாட்டியதும் கைப்பிடிக்குப் பக்கத்திலிருக்கும் நட்சத்திரத் திருகை இறுக்கினேன். மீன் ஒரு உலுப்பு உலுப்பியது. தங்கூசி அறுந்துபோச்சு. அது தாங்குவதே 7 கிலோ!

பெய்ட்காஸ்டரில் தங்கூசி சுருளுக்கு நேராகப் போகும். ஸ்பின்னிங்கில் சின்ன உருளையில் வளைந்து திரும்பும். நேராக இழுப்பதில் பலம் அதிகம், சரிதான். ஆனால் மீன் ஓடும்போது தங்கூசி அறுவதற்குள் சுருளை வழுக்க விடுவதுதான் ட்ராக்கின் வேலை. தங்கூசி தாங்கும் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு வைக்கச் சொல்வார்கள். எனக்கு இரண்டு கிலோ சொச்சம். அதுக்குப் பழைய ரீலே தாராளம். திக்காமல் வழுக்குதா என்பதைத்தான் பார்த்திருக்கணும்.

அப்பா கைத்தூண்டில்காரர். ஆள்காட்டி விரலில் தங்கூசி ஓடிய தழும்பு இருக்கும். ராத்திரி ஸ்பிரிங் தராசோடு அவரிடம் போனேன்.

“மீன் இழுத்தா எப்பப்பா விடுவீங்க?”

“எனக்கென்ன கணக்கா தெரியும்? இழு, பாப்போம்.”

தங்கூசியை விரல்மேல் போட்டுப் பிடித்தார். தராசில் மாட்டி மெதுவாக இழுத்தேன். முள் இரண்டைத் தாண்டியது. விரல் விட்டது.