பழகிய குரலும் புதிய பாட்டும்

ஒரு காலத்தில் நம் நெஞ்சைக் கொள்ளைகொண்ட பாடகர் நெடுநாள் கழித்துப் புதிய பாட்டுடன் வருவாராயின், அதைக் கேட்பதா, கேளாது விடுவதா? இதைச் சிறு விஷயமென்று நகைப்போர் உளர். நான் நகைக்கமாட்டேன். நம் நாட்டுத் தமிழ்ப் பாடகரின் பிழைப்பு இந்த ஒரு கேள்வியைத்தான் நம்பியிருக்கிறது.

2006-ஆம் ஆண்டில் யோகி பி என்பார், நட்சத்ரா குழுவினராகிய டாக்டர் பர்ன், எம்சீ ஜேஸ் ஆகிய இருவருடன் கூடி ‘வல்லவன்’ என்ற சொல்லிசைத் தொகுப்பை வெளியிட்டார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் மரங்கள் வீழ்த்தப்பட்டு, லயங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல, ஈப்போவைச் சுற்றிச் சிலிபின், ஜெலாப்பாங், செம்மோர் பக்கங்களில் தாமான் வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் குடியேறியிருந்த காலம் அது. அக்குடும்பங்களின் பிள்ளைகள் அப்போது பதினைந்து, இருபது வயதினர். தமிழென்பது வீட்டுக்கும் கோயிலுக்கும் உரியது, வெளியுலகுக்கு உதவாதது என்று எண்ணியிருந்தவர்கள். 1970-களில் நியூயார்க்கு நகரின் பிராங்ஸ் பகுதியில், ஏழைக் கறுப்பின மக்களிடையே பிறந்த ஒரு கலை, தம் தாய்மொழியில், தம் நாட்டவர் வாயினின்றே புறப்படக் கேட்டபோது அவர்கள் அடைந்த களிப்பைச் சொல்லால் அளக்க முடியாது. இரவுச் சந்தைக் கடைகளில் அக்குறுந்தட்டு ஓடாத நாளில்லை. மோட்டார் சைக்கிளில் செல்பவனும் அதை முணுமுணுத்துக்கொண்டு சென்றான்.

பெரியவர்களோ சினந்தார்கள். அத்தொகுப்பில் பெரும்புகழ் பெற்ற ‘மடை திறந்து’ என்னும் பாட்டு, 1980-இல் ‘நிழல்கள்’ படத்திற்கு இளையராஜா அமைத்த பாட்டினைத் தழுவியது. “பொன் போன்ற பாட்டைப் புழுதியில் புரட்டிவிட்டார்கள்” என்று என் காதுபடக் கூறினவர் பலர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. அவர்களுடைய இளமை அப்பழைய பாட்டில் குடியிருந்தது. தமிழ் பாடுதற்கு ஏற்ற மொழியன்று என்று சபைகளில் ஒதுக்கியவர்களை எதிர்த்து 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் எழுந்த வரலாற்றை அறிந்தோர், தமிழ் சொல்லிசைக்கு ஏற்றதன்று என்ற பேச்சைக் கேட்டு வியப்படைந்திரார். எதுகையும் மோனையும் அடுக்கி மேடையில் முழங்கிய இயக்கப் பேச்சாளரைக் கேட்டு வளர்ந்த சமூகத்திற்குச் சொல்லிசை அந்நியமானதென்று எப்படிக் கூறுவது?

அன்று பெரியவர்களை எதிர்த்து ‘வல்லவன்’ பக்கம் நின்ற இளைஞர்கள் இன்று நாற்பதை நெருங்குகிறார்கள். ஜெலாப்பாங்கில் ஓர் ஒட்டுக்கடையில் சென்ற மாதம் அவர்களுள் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். லாரி ஓட்டுநர், தோட்டத்தில் பிறந்தவர். யோகி பியின் பிந்திய பாடல்களைக் கேட்டீர்களா என்றேன்.

“வேண்டாம் ஐயா,” என்றார். “அந்தக் குரல் எனக்கு அந்த வருஷத்தோடவே இருக்கட்டும். அப்போ எங்கப்பாவுக்கு வேலை போச்சு, தோட்டத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. ராத்திரியில அந்தப் பாட்டுதான் எனக்குத் துணை. இப்போ புதுசா ஒண்ணைக் கேட்டு, அது நல்லா இல்லேன்னா, பழசும் சேர்ந்து போயிடுமே!”

இதற்குச் சட்டென விடை கூற என்னால் இயலவில்லை. இவர் கூற்றை வெறும் பிடிவாதமென்று தள்ளிவிடலாகாது. வீடிழந்தவன் கையில் எஞ்சிய சொத்து ஒரு பாட்டானால், அதைப் பூட்டி வைக்க நினைப்பது இயல்பே.

நிற்க. பூட்டி வைத்த பாட்டினால் அதைப் பாடியவருக்கு யாது பயன்? இந்நாட்டில் இந்தியர் தொகை ஏறத்தாழ 20 இலட்சம். நூற்றுக்கு ஏழு பேருக்கும் குறைவு. அதிலும் தமிழ்ப் பாட்டைக் காசு கொடுத்துக் கேட்போர் எத்தனை பேர்? இச்சிறு கூட்டமும் பழையது போதுமென்று காதைப் பொத்திக்கொண்டால், கலைஞன் சென்னைக்குக் கப்பலேறுவான். அல்லது வாயடைத்துப் போவான். யோகி பி சென்னைத் திரைப்படங்களிலும் பாடினார். 2007-இல் ‘பொல்லாதவன்’, 2011-இல் ‘ஆடுகளம்’, 2017-இல் ‘விவேகம்’ என்று அவர் குரல் ஒலித்தது. அவற்றைக் கேட்டு, பழைய சூடு தணிந்துவிட்டதென்று முடிவு கட்டினவர்களும் உண்டு. என் அபிப்பிராயம் வேறு. திரைப்படத்தில் சொல்லிசைக்காரனுக்குக் கிடைப்பது நாலைந்து வரி இடம். அதிலும் பெரும்பகுதி கதாநாயகனின் வீரத்தைப் போற்றவே செலவாகிறது. கூலிக்குப் பந்தல் போட்டவனை, அவன் தனக்கென்று கட்டிக்கொண்ட வீட்டைப் பாராமல் மதிப்பிடுவது நியாயமா?

பழைய பாட்டின்மேல் கொண்ட அன்பு இருவகை மூடநம்பிக்கையாக முடிவதை நான் கண்டிருக்கிறேன். அவர் எதைப் பாடினாலும் அமுதம் என்பது ஒன்று. இதைப் பக்தி என்க. விக்கிரகத்தை ஒழிக்கப் புறப்பட்டவர்கள் பாடகனை விக்கிரகமாக்குவது வேடிக்கையே. இனி அவரால் ஒன்றும் ஆகாது என்பது மற்றொன்று. இது இளைத்துப்போன பக்தி. இரண்டிலும் பாட்டைக் கேட்கும் வேலை இல்லாமற் போகிறது.

பினாங்கில் தோன்றிய ஆலிகேட்ஸ் குழுவை அறியாதார் இந்நாட்டில் இல்லை. டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்னும் தமிழ்ச் சகோதரர் இருவரும் மலாய்ப் பாடல்களால் மூவினத்தாரையும் கவர்ந்தார்கள். 2007-இல் லோகநாதன் மறைந்தார். டேவிட் மேடையை விட்டு இறங்கவில்லை. தம்பியின் பகுதியைத் தம்பியைப் போலவே பாட அவரால் ஆகாது. ஆயினும் அவர் பாடுவதைத் தம்பி இல்லாத பாட்டாகவே கேட்டு மகிழ்ந்தோர் ஏராளம். போனது போயிற்று என்பதை ஏற்றுக்கொண்ட பிறகே இருப்பது காதில் விழுகிறது.

இன்னொரு செய்தியும் நினைவுக்கு வருகிறது. ‘மடை திறந்து’ பாட்டைக் கெடுத்துவிட்டார்களென்று எந்த இளையராஜாவுக்காகப் பெரியவர்கள் வருந்தினார்களோ, அந்த இளையராஜா 2025 மார்ச் 8-ஆம் நாள் இலண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவைக் கொண்டு தமது சிம்பொனியை அரங்கேற்றினார். அப்போது அவருக்கு 81 வயது. அதற்கு ‘வேலியண்ட்’ என்று பெயர். தமிழில் வல்லவன் என்றே கூறலாம்! ‘அன்னக்கிளி’ வெளிவந்த 1976 முதல் அவர் பாட்டிலே தோய்ந்தவர்கள், சொல்லே இல்லாத அந்நெடிய இசையின் முன் அமர்ந்தபோது பழைய மெட்டைத் தேடினார்களா, புதியதைக் கேட்டார்களா? தேடினவர்கள் ஏமாந்திருப்பார்கள். அதற்கு அவர் பொறுப்பல்லர்.

லாரி ஓட்டுநருக்கு இவற்றையெல்லாம் கூறினேன். அவர் இசையவில்லை. பழைய பாட்டைக் காப்பது அவர் உரிமை. புதிய பாட்டு நன்றாயில்லாவிடினும் 2006-இல் அவருக்குத் துணை நின்ற இரவுகளை அது திரும்ப வாங்கிக்கொண்டு போய்விடாது என்பது மட்டும் என் துணிபு. அவ்விரவுகள் நடந்தவை, அவற்றுக்குப் பட்டா உண்டு.

என் மட்டில் ஒரு முறை வகுத்திருக்கிறேன். பழைய தொகுப்பைக் கேட்ட நாளில் புதியதைக் கேட்பதில்லை. வீட்டு வேலையோ கார் ஓட்டமோ இல்லாத பொழுதில், முதற்பாட்டு முதல் கடைசிப் பாட்டு வரை வரிசை மாற்றாமல், சொற்களைக் கவனித்துக் கேட்பது. முதன்முறை கேட்கையில் நம் ஞாபகம் குறுக்கே பேசும். அதனால் ஒரு வாரம் கழித்து மறுபடியும் கேட்பது. பிடிக்காவிட்டால் இன்ன வரி, இன்ன தாளம் பிடிக்கவில்லையென்று பெயர் சொல்லிக் கூறுவது. மூன்றாம் முறை கேட்கவேண்டுமென்ற கட்டாயம் யாருக்கும் இல்லை.