ஏற்றி அனுப்பியவர்

தம்பி தங்கைகளே, பேஸ்பால் நம் ஊர்களில் பழக்கமில்லாத ஆட்டம். எனக்கும் அதன் விதிகள் முழுதாகத் தெரிய வெகுநாள் ஆயிற்று. ஆனால் அந்த ஆட்டத்தில் நாற்பது வருஷத்துக்கும் மேல் உழைத்த ஒரு மனிதரைப் பற்றி உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும்.

பெயர் பிரையன் ஸ்னிட்கர். 1977-ல் அட்லாண்டா பிரேவ்ஸ் நிறுவனத்தில், அடிப்பவருக்குப் பின்னால் குந்தி பந்து பிடிக்கும் கேட்சராகச் சேர்ந்தார். சேர்ந்தது கீழே இருக்கும் மைனர் லீக்கில். அமெரிக்காவில் உச்சியில் இருக்கும் மேஜர் லீக்குக்குப் போக விரும்பும் பையன்கள் சின்னச் சின்ன ஊர் அணிகளில் ஆடி, படிப்படியாகத்தான் ஏற வேண்டும். பெரும்பாலோர் பாதியிலேயே வீடு திரும்பிவிடுவார்கள். ஸ்னிட்கரின் ஆட்டமும் நாலு வருஷத்தில் முடிந்தது. அப்போது அங்கே இளம் வீரர்களை வளர்க்கும் பொறுப்பில் இருந்தவர் ஹேங்க் ஆரன். நம் கிரிக்கெட் சிக்சர் போன்ற ஹோம் ரன்னை 755 முறை அடித்த ஜாம்பவான். ஆடியது போதும், இனி சொல்லிக்கொடு என்று இந்த இளைஞருக்குப் பயிற்சியாளர் வேலை தந்தவர் அவர்தான்.

1982-ல், 26 வயதில், ஆண்டர்சன் என்ற சிற்றூர் அணிக்கு மேனேஜர் ஆனார். தலைமைப் பயிற்சியாளரை அந்த ஆட்டத்தில் அப்படித்தான் சொல்வார்கள். பிறகு டர்ஹம், சம்டர், மேக்கன், மிர்ட்டில் பீச், கிரீன்வில், ரிச்மண்ட் என்று ஊர் ஊராக அலைச்சல். ராத்திரி ஆட்டம் முடிந்ததும் பஸ் ஏறி, அடுத்த ஊரில் விடியும் வாழ்க்கை. நடுவில் 1985-லும், 1988 முதல் 1990 வரையிலும், 2007 முதல் 2013 வரையிலும் மேஜர் லீக் அணியில் உதவிப் பயிற்சியாளர் வேலை கிடைத்தது. மூன்று முறையும் திரும்பக் கீழேதான் அனுப்பினார்கள். மூன்றாவது முறை அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. போனார், பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

இந்த வேலையில் ஒரு கஷ்டம் உண்டு. நான் சொல்ல வந்ததே அதுதான். 2005-ல் அவர் மிசிசிப்பி அணியின் மேனேஜர். அங்கே பிரையன் மெக்கேன், ஜெஃப் ஃபிராங்கோர் என்று 21 வயதுப் பையன்கள் இருவர். ஜூனில் மெக்கேனை மேலே கூப்பிட்டார்கள். ஜூலையில் ஃபிராங்கோர் போனார்; போன முதல் ஆட்டத்திலேயே ஹோம் ரன். மேலே ஊரே கொண்டாடியது. கீழே மேனேஜரின் அணியிலோ இரண்டு நல்ல கைகள் குறைந்துபோயின. அன்று ராத்திரியும் ஆட்டம் உண்டு, மிச்சம் இருப்பவர்களை வைத்து ஆடியாக வேண்டும். தன் வேலையை எவ்வளவு நன்றாகச் செய்கிறாரோ, அவ்வளவு சீக்கிரம் தன் அணியை இழப்பவர் மைனர் லீக் மேனேஜர். தெரிந்தேதான் மறுநாளும் மைதானத்துக்கு வருகிறார்.

ஸ்னிட்கருக்காவது கடைசியில் கதவு திறந்தது. ஸ்டான் வாசியாக் என்றொருவர், 1950 முதல் 1986 வரை விடாமல் 37 பருவங்கள் மைனர் லீக்கில் மேனேஜராக இருந்தவர். 2,530 வெற்றிகள். மேஜர் லீக்கில் ஒரே ஒரு நாள்கூட அவர் ஆடியதில்லை, மேனேஜராக இருந்ததும் இல்லை. அவரைத் தோற்றவர் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஸ்னிட்கரை 2016 மே மாதம், 60 வயதில், தற்காலிகமாக அட்லாண்டாவின் மேனேஜர் ஆக்கினார்கள். அந்தப் பதவியே நிலைத்தது; 2021-ல் அவர் தலைமையில் அந்த அணி, மேஜர் லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை வென்றது. எதிர் அணியான ஹூஸ்டனில் அவர் மகன் டிராய் பயிற்சியாளர். வேலை கொடுத்த ஹேங்க் ஆரன் அதே வருஷம் ஜனவரியில் காலமாகிவிட்டார், அந்த வெற்றியைப் பார்க்கவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகிறது.

இதையெல்லாம் நான் ஏன் தேடிப் படித்தேன் என்று சொல்லிவிடுகிறேன். நான் வேலையில் இருந்தபோது, என்னிடம் தொழில் பழகிய ஒரு பையனுக்கு என்னை முந்தி பதவி உயர்வு வந்தது. கணக்குப் பேரேட்டில் எங்கே கோடு போட வேண்டும் என்பதுவரை நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த பையன். ஆணை வந்த அன்று இனிப்போடு என் மேஜைக்கு வந்து நின்றான். எனக்கு வாழ்த்துச் சொல்ல நா எழவில்லை. டப்பாவை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, கோப்பைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

அவனுக்கும் இப்போது ஓய்வு பெறும் வயது வந்துவிட்டது. தொலைபேசி எண் வாங்கி வைத்திருக்கிறேன். இன்று சாயங்காலம் பேசப் போகிறேன். உங்கள் மேஜை முன்னாலும் ஒருநாள் அப்படி ஒருவர் இனிப்போடு வந்து நிற்பார். எழுந்து நின்று வாங்கிக்கொள்ளுங்கள்.