அப்பாவின் குறட்டை



"படிச்சு என்ன ஆகப்போற?" என்று கேட்டால், "தூக்கத்துக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர்" என்பேன். உடனே சிரிப்பார்கள். "அதுக்கு எதுக்குடி டாக்டர்? மத்தியான முதல் பீரியடே போதுமே!" என்றாள் என் தோழி.

எங்கள் அப்பா லாரி டிரைவர். அவர் குறட்டைக்கு 'டீசல் இன்ஜின்' என்று பெயர் வைத்து நாங்களும் சிரித்தவர்கள்தான். போன வருடம் ஒரு விடியற்காலையில் ஓட்டும்போதே கண் அசந்துவிட்டார். லாரி புளியமரத்தில் மோதி நின்றது. கையில் காயத்தோடு தப்பினார். "குடிச்சிருப்பான்" என்று ஊரில் பேசினார்கள். அப்பா குடிக்கவே மாட்டார். காயத்தைவிட அந்தப் பேச்சுதான் அவருக்கு வலித்தது.

அன்றிரவு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். திடீரென்று குறட்டை நின்றது. மூச்சும் இல்லை. பயந்துபோய் எண்ணினேன். 22 எண்ணியதும் திணறி மூச்சு வாங்கினார். இப்படிப் பல தடவை!

ஆஸ்பத்திரியில் இதைச் சொன்னதும் டாக்டர், "நல்ல வேளை கவனிச்சே. தூங்கறவருக்கே இது தெரியாது" என்றார். தலை, கண்ணோரம், தாடை, நெஞ்சு எல்லாம் வயர் ஒட்டி ஓர் இரவு முழுக்கச் சோதித்தார்கள். தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை அடைத்துக்கொள்கிறதாம். ஒவ்வொரு தடவையும் மூளை அரைகுறையாக விழித்துவிடும். அதனால் 8 மணி நேரம் படுத்தாலும் பகலில் கண் சொக்கும். இதற்கு ஸ்லீப் ஆப்னியா என்று பெயர். இப்போது அப்பா சீபேப் கருவியை மாட்டிக்கொண்டு தூங்குகிறார். காற்றழுத்தத்தால் மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் இந்த முறையை 1981-ல் உலகுக்குச் சொன்னவர் ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன்.

இன்னொன்றும் படித்தேன். சிகாகோவில் யூஜின் அசெரின்ஸ்கி என்பவர் தன் 8 வயது மகனின் கண்ணோரம் வயர் ஒட்டி, தூக்கத்தில் கண் அசைவதைப் பதிவு செய்தார். கனவு அதிகம் வரும் தூக்கத்தைப் பற்றி 1953-ல் உலகம் அறிந்தது அப்படித்தான். அங்கே அப்பா விழித்திருந்தார். எங்கள் வீட்டில் மகள்.

பாதை நீளம்தான். நீட், ஐந்தரை வருட எம்.பி.பி.எஸ்., பிறகு நுரையீரலோ நரம்போ காது-மூக்கு-தொண்டையோ மேற்படிப்பு, அதற்கும் மேலே தூக்க மருத்துவப் பயிற்சி. முடியுமா என்று பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு ராத்திரி விழித்தவளுக்கு இன்னும் பல ராத்திரி விழிக்கத் தெரியும்.

நண்பர்களே, உங்கள் வீட்டில் யாராவது குறட்டை விட்டால் சிரிக்காதீர்கள். நடுவில் மூச்சு நிற்கிறதா என்று கொஞ்ச நேரம் கேளுங்கள்.

– பதினோராம் வகுப்பு மாணவி